பழைய யந்திரமும் புதிய கட்டளையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காயைக் கூவி ஏலம் விட்ட காலம் மலையேறிவிட்டது. ஸ்பைசஸ் போர்டின் மண்டபத்தில் வியாபாரிகள் இன்று மின்திரையில் விலை கேட்கின்றனர். மண்டிகளில் கணக்கும் பில்லும் கம்ப்யூட்டரில்தான். இந்நிலையில் அமெரிக்க மைக்ரோஸாப்ட் கம்பெனி, விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14ந் தேதியுடன் நிறுத்திற்று. வீட்டு யந்திரங்களுக்கு ஓராண்டுத் தவணை. அதுவும் பதிவு செய்துகொண்டவர்க்கே. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். அஃதில்லாத யந்திரம், நன்றாக உழைப்பினும், தள்ளுபடி!

பழையதை விடாத சிறு வியாபாரியைப் பத்தாம்பசலி என்று ஏளனம் செய்வோரை நாம் கண்டிக்கிறோம். ஒரு மழை பிந்தினால் மலைச்சரிவின் மகசூலே குன்றும். அவர் எதை நம்பிப் புது யந்திரம் வாங்குவார்? ஆயினும், காவலற்ற யந்திரத்தில் பாங்குக் கணக்கைத் திறப்பது கதவில்லாக் கிட்டங்கியில் மூட்டை அடுக்குவதை ஒக்கும். யந்திரம் இருக்கட்டும், அதனுள் அமர்ந்த அந்நியனை மாற்றட்டும்.

வழி நம்மிடமே உண்டு. சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இலவசம், தமிழிலும் இயங்கும். 2014ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, தமிழக சர்க்கார் தன் இலாகாக்களுக்கு இதையே சிபார்சு செய்தது. உத்தரவு போட்டதோடு கடமை முடிந்ததா? தம் கணக்குப் புரோகிராம் இதில் ஓடுமா என்று போடி வியாபாரி கேட்டால், விடை கூற ஓர் ஆள் வேண்டாமா? தேனி ஜில்லாவில் இதற்கொரு பயிற்சி நிலையத்தைச் சர்க்கார் உடனே திறக்கவேண்டுமென வற்புறுத்துகிறோம்.