ஒரு லிட்டர் தண்ணீர் = ஒரு கிலோ எடை! கேரவன் ட்ரெய்லரில் தங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, 'வண்டியிலேயே தங்கலாம்' என்ற ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. புதுச்சேரிக்கு வருபவர்களுக்கு வில்லியனூர் பக்கம் ஊசுடு ஏரியும், பாகூர் பக்கம் வயல்வெளியும் தென்னந்தோப்பும் கண்ணில் படும். ஆனால் தோப்பில் வண்டியை நிறுத்தினால் பிளக் பாயின்ட், குழாய், கழிவுநீர்த் தொட்டி எதுவும் இருக்காது. கையில் இருப்பதுதான் கணக்கு.

தண்ணீர் எவ்வளவு தேவை?

4 பேர், 2 நாள். குடிக்க ஆளுக்கு தினம் 3 லிட்டர் என்றால் 24 லிட்டர். சமையல், பாத்திரத்துக்கு 20. தினமும் ஆளுக்கு ஒரு 15 லிட்டர் வாளியில் குளித்தால் 120. மொத்தம் 164 லிட்டர், அதாவது 164 கிலோ! குளியலை ஆளுக்கு 4 லிட்டராகச் சுருக்கினால் மொத்தமே 76 கிலோதான்.

இன்னொரு வழி, வரும்போது டேங்க்கை காலியாக வைத்து, 20 லிட்டர் கேன்களை வில்லியனூரிலோ பாகூரிலோ வாங்கிக்கொள்வது.

கரன்ட் எவ்வளவு தாங்கும்?

12 வோல்ட், 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியில் 1,200 வாட் ஹவர் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக, கிடைப்பது 600. 25 வாட் ஃபேன் இரண்டு, 10 மணி நேரம் ஓடினாலே 500 காலி. லைட், மொபைல் சார்ஜ் போட்டால் முடிந்தது. ஃபிரிட்ஜுக்கு இடமில்லை, ஏசியை நினைக்கவே வேண்டாம்.

அதே அளவு லித்தியம் பேட்டரியில் சுமார் 1,000 வாட் ஹவர் வரை பயன்படுத்தலாம். லெட் ஆசிட் 30 கிலோவை நெருங்கும்; இது சுமார் 12 கிலோதான். விலை அதிகம்.

சோலார் போட்டால் போதாதா? 200 வாட் பேனல், நல்ல வெயிலில் தினம் 700 வாட் ஹவர் அளவுக்குத் தரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அதை நம்ப முடியாது. தென்னை நிழல் உடம்புக்கு இதம், பேனலுக்கு ஆகாது.

எடை ஏன் முக்கியம்?

இழுக்கும் காரின் மேனுவலில் குறிப்பிட்ட எடையைத் தாண்டக் கூடாது. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 600 கிலோ ட்ரெய்லருக்கு 60 முதல் 90 கிலோ. பின்பக்கம் பாரம் கூடினால், வேகத்தில் ட்ரெய்லர் ஆட ஆரம்பிக்கும். அதனால் தண்ணீர் டேங்க் சக்கர அச்சுக்கு மேலேயே இருப்பது நல்லது. ட்ரெய்லருக்குத் தனிப் பதிவும் அவசியம்.

கழிவுநீர் எங்கே போகும்?

பெரிய கேள்வி இதுதான். தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்கு வருகிறது. அதை நம்பி வயல்கள் இருக்கின்றன. ஊசுடு ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். வலசைப் பறவைகள் வருவதும், மக்கள் கேம்பிங் கிளம்புவதும் அதே குளிர்காலத்தில்தான். சோப்புத் தண்ணீரை வாய்க்காலில் விடுவதும், ஏரிக்கரையில் ஜெனரேட்டர் போடுவதும் ஊர்க்காரர்கள் தலையில்தான் விடியும். காலி கேனிலேயே கழிவுநீரைப் பிடித்து, திரும்பும்போது கழிவறை உள்ள இடத்தில் கொட்டலாம்.

கேரவன் சுற்றுலா இங்கே வளர வேண்டுமானால், முதலில் வர வேண்டியது வண்டி அல்ல. ஒரு பிளக், ஒரு குழாய், ஒரு கழிவுநீர்த் தொட்டி உள்ள நிறுத்துமிடம். அதுவரை, குறைவாகச் சுமப்பவர்களுக்கே இந்தப் பயணம் நிம்மதி.