கடற்கன்னிகளும் கயாக் படகுகளும்

ஃப்ளோரிடாவின் 19ஆம் எண் நெடுஞ்சாலையோரம் வீக்கி வாச்சி ஊற்று. 1947இல் அமெரிக்கக் கடற்படையின் முன்னாள் வீரர் நியூட்டன் பெர்ரி இங்கே நீருக்கடியில் அரங்கு அமைத்தார். வால் மாட்டிய கடற்கன்னிகள் காற்றுக்குழாயில் மூச்சிழுத்து இன்றும் ஆடுகிறார்கள்.

1971இல் டிஸ்னி வேர்ல்ட் வந்ததும் இத்தகைய சாலையோர வேடிக்கைகள் பல மங்கின. இது பிழைத்தது, 2008இல் மாநிலப் பூங்காவானது. நல்ல முடிவு.

வேடிக்கை பழசு, நெருக்கடி புதுசு. ஊற்றிலிருந்து ஆண்டு முழுவதும் சுமார் 23 டிகிரியில் ஓடும் தெளிந்த ஆற்றில் கயாக் கூட்டம் பெருத்து, கரையும் நீர்த்தாவரங்களும் மிதிபட்டன. குளிர்காலத்தில் கடற்பசுக்கள் ஒதுங்கும் இடம் வேறு! படகை நிறுத்துவதற்கு அரசு விதித்த கட்டுப்பாடு சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் அது தேவை. இன்னும் கறாராக அமல்படுத்த வேண்டும்.