தோற்பதற்கும் உரிமை வேண்டும்

விழிப்புலனற்ற ஒருவருக்கு வீடியோ விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிய விளையாட்டு வடிவமைப்பாளரான கென்ஜி ஈனோ அவ்வாறு கேட்கவில்லை. விழிப்புலனற்ற இரசிகர்கள் சிலர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களைத் தேடிச் சென்று பார்த்தார். பார்வையுள்ளோருக்காகச் செய்யப்பட்ட விளையாட்டுகளையே, ஒலியை மட்டும் துணையாகக் கொண்டு, பெரும் பிரயாசையுடன் அவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அதன் விளைவாக 1997 இல் வெளிவந்ததுதான் 'ரியல் சவுண்ட்: கஸே நோ ரிக்ரெட்'. செகா நிறுவனத்தின் சாட்டர்ன் இயந்திரத்துக்கான இவ்விளையாட்டில் காட்சியே கிடையாது. குரல்களாலும் ஓசைகளாலும் கதை நகரும். மணியோசை கேட்கும்போது அடுத்து எவ்வழி என்பதை விளையாடுபவர் தீர்மானிக்க வேண்டும். விளையாட்டைச் செகாவுக்கு மட்டுமே தருவதற்கு ஈனோ ஒரு நிபந்தனை விதித்தார்: விழிப்புலனற்றோருக்கு 1,000 இயந்திரங்களை அன்பளிப்பாக வழங்க வேண்டும். விளையாட்டின் 1,000 பிரதிகளைத் தம் பங்காகக் கொடுத்தார். இலங்கை வானொலியில் நாடகம் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இதன் சுவையை விளக்கத் தேவையில்லை.

பார்வை உள்ளவரும் அற்றவரும் சமமாக விளையாட வேண்டும் என்பதே ஈனோவின் எண்ணம். ஆனால் அதன் பின்னரும் நெடுங்காலம் ஊரே பேசும் பெரிய விளையாட்டுகள் விழிப்புலனற்றோருக்கு எட்டாதவையாகவே இருந்தன. 2020 ஜூனில் வெளியான 'த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2' இந்த நிலையைப் பெரிதும் மாற்றியது எனலாம். அதில் 60 க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருந்தன. திரையிலுள்ள எழுத்துகள் வாசித்துக் காட்டப்பட்டன. ஒரு பொத்தானை அழுத்தினால் செல்லவேண்டிய திசைக்குப் பாத்திரம் திரும்பும். இன்னொன்றை அழுத்தினால் பகைவர் நிற்கும் பக்கத்திலிருந்து ஓர் ஒலி எழும். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்பதற்கு ஓர் ஒலி அகராதியே உள்ளே இருந்தது!

இத்தகைய உதவிகள் விளையாட்டை விளையாட்டாக இல்லாமற் செய்துவிடும் என்பது சிலரது வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிட்டால் வென்றவர் யார்? ஆனால் 2023 இல் வந்த 'ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்' கார்ப் பந்தயத்தைப் பாருங்கள். வளைவு எப்பக்கம் வருகிறது, கார் பாதையின் எந்த ஓரத்தில் ஓடுகிறது என்பதை அது ஒலியால் அறிவிக்கிறது. திருப்புவதும் தவறித் தடுப்பில் மோதுவதும் ஓட்டுபவரின் பொறுப்பு. மோதிக் கெடுவதற்கான உரிமையும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. இவ்விரு விளையாட்டுகளுக்கும் ஆலோசகராக இருந்த பிரெண்டன் கோல் என்ற அமெரிக்கர் தாமே பார்வையற்றவர். விளையாடத் தெரிந்தவர் ஆலோசனை சொன்னதாலேயே இவை இந்த அளவுக்கு அமைந்தன என்பது என் கருத்து. 2024 இல் அவர் காலமானார்.

அமெரிக்காவில் 2010 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கும் தொடர்பாடல் வசதிகள் எட்ட வேண்டும் என்கிறது. வீடியோ விளையாட்டுகளுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2018 டிசம்பருடன் முடிவுற்றது. ஆனால் விளையாடுபவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வசதியை மட்டுமே அச்சட்டம் கவனிக்கிறது, விளையாட்டைத் தொடவில்லை. பார்வையற்ற இளைஞர் ஒருவர் நண்பருடன் அரட்டை அடிக்கலாம், அந்த நண்பர் விளையாடும் விளையாட்டில் சேர முடியுமா என்பது இன்னமும் தயாரிப்பாளரின் மனதைப் பொறுத்ததே.