காரில் பாட்டும் கம்பியும்

விடுமுறையில் ரயிலில் இடம் கிடைக்காமையால் சொந்தக் காரிலேயே ஊர் செல்லும் அன்பர்கள் பலர். வழியில் பாட்டுக் கேட்கப் புதிய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் வாங்கித் தாமே வீட்டில் பொருத்துவோரும் உளர். அவர்கள் கவனத்திற்குச் சில சொற்கள்.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுக. 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகும். அதனை ஆம்ப்ளிபயர் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்க. பூமிக் கம்பியை, பெயிண்டைச் சுரண்டிய வெற்று இரும்பில் இறுக முடுக்குக.

யாவற்றினும் முதன்மையானது மின்கம்பி. 12 வோல்ட்டில் 360 வாட் இழுக்கும் கருவிக்கு 30 ஆம்பியர் வேண்டும். ரேடியோவின் மெல்லிய கம்பி இதனைத் தாங்காது சூடேறும். ஆதலின் பாட்டரியிலிருந்து நேரே தடித்த செப்புக் கம்பி இடுக. அது தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் வேண்டும்.

ப்யூஸ் பாட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் இருத்தல் அவசியம். ஆம்ப்ளிபயரின் அருகில் மட்டும் ப்யூஸ் வைப்பது போதாது. இடைவழியில் கம்பி உராய்ந்து இரும்பைத் தொட்டால், தீயைத் தடுக்க யாதொன்றும் இராது.

பின் ஆசனத்தில் பிள்ளைகள் உறங்கிவரும் வண்டி அது. சிக்கனத்தை ஸ்பீக்கரில் காட்டலாம். கம்பியிலும் ப்யூஸிலும் வேண்டா.