அலமாரியில் ஒரு குதிரை லாயம்

சென்ற இதழில் தபால்தலை சேகரிப்பைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார்:

"என் பன்னிரண்டு வயது மகள் பிளாஸ்டிக் குதிரைகளாக வாங்கிச் சேர்க்கிறாள். இருபதைத் தாண்டிவிட்டது. பிறந்தநாளுக்கு யார் பணம் கொடுத்தாலும் அது குதிரையாகிவிடுகிறது. வாங்கியதை ஒழுங்காக வைத்துக்கொள்கிறாளா என்றால் அதுவும் இல்லை. காலை வெட்டி வேறு மாதிரி ஒட்டுகிறாள். நல்ல சாயத்தைச் சுரண்டிவிட்டு வேறு சாயம் பூசுகிறாள். பணமும் வீண், படிப்பும் வீண் என்று அவள் அப்பா எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டச் சொல்கிறார். நான் நடுவில் நின்று தவிக்கிறேன். தங்கள் அபிப்பிராயம் என்ன?"

அம்மணி, என் அபிப்பிராயம் இதுதான்: பெட்டியில் போட்டுக் கட்ட வேண்டாம். தங்கள் மகள் செய்வதை இந்த நாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள், அதிலும் பெரும்பாலும் வயது வந்த பெண்மணிகள், வருஷக்கணக்காகப் பயின்று செய்கிறார்கள். அதற்குக் கண்காட்சி உண்டு, போட்டி உண்டு, நடுவர் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களைத் தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தக் குதிரையை வெட்டுகிறாள் என்பது ஒன்று. வெட்டும்போது எதைச் சுவாசிக்கிறாள் என்பது மற்றொன்று. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தக் குதிரைகளின் பூர்வோத்திரம். சிகாகோவில் பிரேயர் மோல்டிங் கம்பெனி என்று ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை இருந்தது. மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகாரக் கம்பெனிக்காக, கடிகாரத்தோடு சேர்த்து வைக்க ஒரு குதிரை உருவம் செய்து கொடுத்தார்கள். அச்சு செய்த கூலிக்குப் பதிலாக அச்சையே தாங்கள் வைத்துக்கொண்டார்கள். 1950இல் அந்தக் குதிரை கடிகாரம் இல்லாமல் தனியாகக் கடைக்கு வந்தது. உல்வொர்த் கடைக்காரர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்ததும் கம்பெனி மற்ற வேலையை எல்லாம் குறைத்துக்கொண்டு குதிரை வியாபாரி ஆகிவிட்டது! கூலிக்கு வந்த அச்சு குலத்தொழில் ஆன கதை. 1984இல் ரீவ்ஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அதை வாங்கியது. தொழிற்சாலை சிகாகோவை விட்டுப் போய், பிறகு உற்பத்தியே சீனாவுக்குப் போனது. ஆயினும் இன்றும் இந்த வட்டாரத்தில் 'பிரேயர்' என்றால் குதிரை என்றுதான் அர்த்தம்.

பெரிய குதிரைகளுக்கு 'டிரெடிஷனல்' என்று பெயர். அசல் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. தோள் உயரம் 64 அங்குலமுள்ள குதிரை அந்த அளவில் 7 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். 1975இல் வந்த 'ஸ்டேபிள்மேட்' என்னும் குட்டி உருவங்கள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. உள்ளங்கையில் இரண்டு நிற்கும். புதிய டிரெடிஷனல் ஒன்றுக்கு ஐம்பது டாலரை ஒட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டேபிள்மேட் சில டாலர்தான். கைப்பழக்கத்துக்கு அதுவே போதும். சில்லறை விற்பனையிலும் பழைய சாமான் சந்தையிலும் காது உடைந்தது, சாயம் உரிந்தது என்று பெரிய குதிரைகளே மலிவாகக் கிடைக்கும். இந்தக் கலைக்காரர்கள் தேடுவதும் அப்படிப்பட்டவற்றைத்தான். அவற்றை 'பாடி' என்று கூப்பிடுகிறார்கள். பெயர் கொஞ்சம் பயங்கரம்தான், என்ன செய்வது!

இப்போது எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்ற விஷயம். பின்னங்காலின் உட்புறத்தில் அல்லது வயிற்றடியில் கம்பெனியின் முத்திரை இருக்கும். அதில் வருஷம் எழுதியிருந்தால் அது அச்சு பதிவான வருஷம். தங்கள் கையில் உள்ள குதிரை அந்த வருஷத்தில் செய்தது என்று நினைத்துவிடக்கூடாது. ஒரே அச்சில் முப்பது, நாற்பது வருஷம்கூட வெவ்வேறு நிறத்தில் குதிரைகள் வந்துகொண்டிருக்கும். ஆகவே விலை அச்சில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. 1960களில் 'டெகரேட்டர்' என்று நீல நிறத்திலும் பொன்னிறத்திலும் சில குதிரைகளை வெளியிட்டார்கள். நீலக் குதிரையை யார் வாங்குவார்கள்? விற்கவில்லை. அதனாலேயே இன்று அவை அரிதாகி, சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். கராஜ் விற்பனையில் பழைய, பளபளப்பான, விசித்திர நிறமுள்ள குதிரை அகப்பட்டால், உப்புத்தாளை எடுக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடும்படி மகளிடம் சொல்லுங்கள். மற்ற இருபதையும் அவள் இஷ்டம்போல் வெட்டட்டும்.

பிரேயர் குதிரைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. சூடு காட்டினால் இளகும். வளைந்த காலை வெந்நீரில் சிறிது நேரம் பிடித்து நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் வைத்தால் நிலைத்துவிடும். அதே காரணத்தால் கோடையில் காருக்குள்ளும் பரண் மேலும் விட்டு வைத்தால் தானாகவே கோணிக்கொள்ளும். நகச்சாயம் அழிக்கும் அசிட்டோன் இந்தப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். சாயம் அழிப்பதற்கு அதைத் தொடவே கூடாது. தேய்க்கும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தேய்த்தால் தூள் பறக்காது. அப்படியும் முகமூடி வேண்டும். கைவினைஞர்கள் வார்த்து விற்கும் ரெசின் குதிரைகளின் தூள் நுரையீரலுக்கு இன்னும் கெடுதல். எபாக்ஸி புட்டி இறுகும்வரை வெறுங்கையால் பிசையக்கூடாது, கையுறை அவசியம். தெளிக்கும் வார்னிஷ் வீட்டுக்கு வெளியில்தான். அப்பாவுக்கு ஆட்சேபம் இருந்தால் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

சரி, காலை வெட்டி ஒட்டுகிறாளே, அது எதற்கு? நடக்கிற குதிரையை ஓட வைப்பதற்கு. அப்படிச் செய்ய வேண்டுமானால் ஓடுகிற குதிரையின் கால்கள் எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டும். துள்ளுநடையில் முன்வலக் காலும் பின்இடக் காலும் ஜோடியாகப் போகும். மற்ற ஜோடி அடுத்தது. மெதுவான ஓட்டத்தில் மூன்று தாளம். முழுப் பாய்ச்சலில் நான்கு. பழைய சித்திரக்காரர்கள் பாயும் குதிரையை முன்கால் முன்னே, பின்கால் பின்னே நீட்டி, தவளை தாவுவதுபோல வரைந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் பந்தயத் தடத்தின் ஓரம் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் பிடித்தார். பாய்ச்சலில் நான்கு காலும் தரையை விடுவது உண்மை. ஆனால் அப்போது கால்கள் நீட்டி இருப்பதில்லை, வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. இன்றைய போட்டி நடுவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். சாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிஜக் குதிரை நிற்க முடியாதபடி நிற்கிற குதிரைக்குப் பரிசு இல்லை.

நிறமும் அப்படியே. செம்பழுப்புக் குதிரைக்கு 'க்ரீம்' என்னும் மரபணு ஒன்று சேர்ந்தால் பொன்னிறமும் வெண்பிடரியும் உள்ள பாலோமினோ. இரண்டு சேர்ந்தால் நீலக் கண்ணும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள கிரெமெல்லோ. இரண்டு பாலோமினோக்களுக்குப் பிறக்கும் குட்டி பாலோமினோவாக இருக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. பள்ளிக்கூடத்தில் பட்டாணிச் செடியை வைத்துச் சொல்லித் தரும் பாடத்தை அந்தப் பெண் வண்ணக்கிண்ணத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள். நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்கிறவற்றில் பெரும்பாலானவை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற மனிதரைப் போலவே நரைத்தவை. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் தோல் கறுப்பாகவே இருக்கும். அங்கே இளஞ்சிவப்புப் பூசிவிட்டால் நடுவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். (உச்சைச்சிரவஸின் வால் வெள்ளையா கறுப்பா என்று கத்ருவும் வினதையும் பந்தயம் கட்டிய கதை நமக்குத் தெரியும். பாம்புப் பிள்ளைகளை வாலில் தொங்கவிட்டு வெள்ளை வாலைக் கறுப்பாகக் காட்டிய கத்ருவை இந்தக் கலைக்கு மூதாட்டி என்று சொல்லலாமோ!)

சாயம் பூசுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, சேணம் செய்கிறவர்கள் தனி ரகம். எனக்கு அதுதான் அதிசயம். ஓர் அங்குல அகலமுள்ள அங்கவடி வார், ஒன்பதில் ஒரு பங்கு அளவில் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. கடிவாளத்தின் கன்னப்பட்டை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் துளை போட்டு, நிஜமாகவே மாட்டிக் கழற்றக்கூடிய பக்கிள் வைக்கிறார்கள். தோலைக் கத்தியால் சீவிச் சீவிக் காகிதம்போல ஆக்குகிறார்கள். தோல் வேலை நம் வீட்டில் வேண்டாம் என்று நினைப்பவர்கள் செயற்கைத் தோலும் நாடாவும் வைத்துச் செய்யலாம். போட்டிகளில் அரேபியக் குதிரைக்குப் பாரம்பரிய அலங்காரம் என்று ஒரு பிரிவு உண்டு. குஞ்சலமும் சரிகையும் துணிவிரிப்புமாகக் குதிரையை ஜோடிக்க வேண்டும். கிழிந்துபோன பட்டுப்புடவையின் கரையை இங்கே எத்தனை வீட்டில் தூக்கி எறிகிறோம்! குஞ்சலம் கட்டத் தெரிந்த பாட்டிமார் நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டி கிடைத்தால் இருவருக்கும் நல்ல பொழுதாக இருக்கும்.

போட்டிகள் எப்படி நடக்கின்றன? இணையதளம் வருவதற்கு முன்னெல்லாம் பெரும்பாலும் தபாலில்தான். குதிரையைப் போட்டோ எடுத்து, பின்புறம் பெயரும் ஜாதியும் எழுதி நடுவருக்கு அனுப்புவார்கள். அவர் வரிசைப்படுத்தித் திருப்பி அனுப்புவார். நேரில் மேஜை போட்டு நடத்தும் போட்டி 1960களின் இறுதியில் தொடங்கியது. இன்று அதுவே பிரதானம். ஒரு மண்டபத்தில் நீள மேஜைகள். ஜாதிவாரியாக அழைக்கும்போது அவரவர் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கம்பெனிச் சாயத்தில் இருப்பவை ஒரு பிரிவு, மாற்றி அமைத்தவை வேறு பிரிவு. ஆகையால் வெட்டிய குதிரைக்கும் அங்கே மரியாதையான இடம் உண்டு. சேணத்தோடு காட்சியாக அமைத்துக் காட்டுவது இன்னொரு பிரிவு. பிறர் குதிரையைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம். மேஜையை இடித்தாலோ ஒன்று சரிந்து அடுத்ததைத் தள்ளி வரிசையே விழும். காதும் காலும் போகும். சின்னத் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனம்.

1990இல் தொடங்கி, ஜூலை மாதத்தில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் உள்ள குதிரைப் பூங்காவில் 'பிரேயர்ஃபெஸ்ட்' என்று ஒரு பெரிய திருவிழாவே நடக்கிறது. மாதிரி உருவத்துக்கு மூலமாக இருந்த நிஜக் குதிரைகளையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பூங்காவில் பல ஜாதிக் குதிரைகளைப் பார்க்கலாம். 'மேன் ஓ வார்' என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் சமாதியும் சிலையும் அங்கேதான் இருக்கின்றன. அப்பா மனமிரங்கினால் இந்தக் கோடை விடுமுறைக்கு அதைவிட நல்ல யாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடையாது. அவர் சிறு வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தாரா, சினிமாப் பாட்டுப் புத்தகம் சேர்த்தாரா என்று தனியாக ஒருநாள் விசாரித்துப் பாருங்கள். நம் தலைமுறை ஆண்களில் எதையும் சேர்க்காதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுப்பாடம் முடிந்த பிறகு வண்ணப்பெட்டி திறக்கலாம் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் போதும். பரிசு வாங்கினாயா, எத்தனையாவது இடம் என்று கேட்க ஆரம்பித்துவிடாதீர்கள், அதுதான் எனக்குப் பயம். நீச்சல், வயலின், கணக்கு என்று எல்லாவற்றையும் நாம் பரீட்சையாக்கிவிட்டோம். இதையாவது அந்தக் குழந்தைக்கென்று விட்டுவைக்கலாம். நிஜக் குதிரை வளர்க்க லாய வாடகைக்கே மாதம் பல நூறு டாலர் வேண்டும். அந்த ஆசை இருந்தும் அலமாரியோடு திருப்தி அடைகிற பெண்ணைச் செலவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொம்மைகளைச் சேர்த்துப் படிகட்டி அடுக்குவது நமக்கு ஒன்றும் அந்நியமான பழக்கம் அல்ல. அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற ஊர்களிலிருந்து வந்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வரும் நவராத்திரிக்கு நமது கோயில் கொலுவின் பக்கத்தில் குழந்தைகள் கைப்படச் செய்தவற்றுக்கு ஒரு மேஜை போடலாம் என்று காரியக் கமிட்டியில் பேசியிருக்கிறேன். குதிரை கொண்டுவருகிறவர்கள் பெயர், ஜாதி, யார் சாயம் பூசியது என்று சிறு அட்டையில் தமிழில் எழுதி அடியில் வைக்கவும். மேஜையைச் சுவரோரமாகவே போடச் சொல்லியிருக்கிறேன். ஒற்றைக் கால் தூக்கி நிற்கும் குதிரைகளைப் பின்வரிசையில் நிறுத்திக்கொள்ளலாம்.