வெப்பப் பகுதிகளில் ப்ளூபெர்ரி: 'குளிர் தேவையில்லை' என்ற விளம்பரம் சொல்லாத கணக்கு

இந்தியப் பெருநகரங்களின் அங்காடிகளில் 125 கிராம் பெட்டிகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் ப்ளூபெர்ரியில் பெரும்பகுதி இன்றும் கடல் கடந்தே வருகிறது. அதன் வரவுக்கு இருந்த வரித் தடைகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வருகின்றன. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய - ஆஸ்திரேலிய வர்த்தக உடன்பாட்டில் பெர்ரி வகைகளுக்கான வரியைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023 செப்டம்பரில், உலக வர்த்தக அமைப்பில் எஞ்சியிருந்த வழக்கை அமெரிக்காவுடன் சமரசமாக முடித்துக்கொண்டபோது, அந்நாட்டின் ப்ளூபெர்ரி, கிரான்பெர்ரி ஆகியவற்றுக்கான வரியைக் குறைக்க மத்திய அரசு இசைந்தது. உலகின் முன்னணி ஏற்றுமதி நாடான பெருவுடனும் 2017-ஆம் ஆண்டில் வர்த்தகப் பேச்சு தொடங்கப்பட்டது.

இதே காலத்தில் உள்நாட்டில் இப்பழத்தைப் பயிரிடும் ஆர்வமும் வளர்ந்துள்ளது. மகாராஷ்டிரத்தின் ஸ்ட்ராபெர்ரி வட்டாரம் முதல் இமாசலப் பிரதேசத்தின் கீழ்மலைகள் வரை சிறிய அளவில் நடவுகள் நடந்துள்ளன. 'குளிர் தேவையில்லாத ரகம்', 'சமவெளியிலும் காய்க்கும்' என்ற விளம்பரங்களோடு நாற்றங்கால்கள் கன்றுகளை விற்கின்றன. ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும் செடி இது. தொட்டி, நிழல்வலை, சொட்டுநீர்க் குழாய் என முதலீடும் பெரியது. தவறான ரகத்தைத் தேர்ந்தவருக்கு அடுத்த பருவத்தில் பயிரை மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. ஆகவே எந்த ரகம் என்ற கேள்வியை வேறு எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கான விடை விளம்பரத்தில் காணப்படும் குளிர்மணி எண்ணில் முழுமையாக அடங்கவில்லை.

குளிர்மணி என்றால் என்ன?

ப்ளூபெர்ரியின் தாயகம் வட அமெரிக்கா. 1910-களில் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் பிரெடரிக் கோவில், நியூஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் வைட்டுடன் இணைந்து காட்டுச் செடியைத் தோட்டப் பயிராக்கினார். அமில மண் இல்லாமல் இச்செடி வளராது என்பதைக் கண்டறிந்தவரும் அவரே. அவர்கள் உருவாக்கிய வடபுல உயர்புதர் வகை, குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரம் உறங்கியெழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். இந்த உறக்கக் கணக்கையே குளிர்மணி என்கிறார்கள். நம் நாட்டில் ஆப்பிள் விளையும் உயர்மலைகளில்தான் அவ்வளவு குளிர் கிடைக்கும்.

இந்தக் கட்டை அவிழ்த்தது ஃபுளோரிடா. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் என்ற ஆய்வாளர் 1950 வாக்கில் தொடங்கிய கலப்பினப் பணியில், ஃபுளோரிடாவின் மணற்காடுகளில் விளையும் 'டரோவி' என்ற பசுமைமாறாக் காட்டுச் செடியை உயர்புதர் வகையோடு இணைத்தார். அதிலிருந்து பிறந்ததே தென்புல உயர்புதர் வகை. 1970-களின் நடுவில் 'ஷார்ப்புளூ' வெளியானது. பின்னர் 'மிஸ்டி', 'ஸ்டார்', 'ஜூவல்', 'எமரால்டு' ஆகியவை வந்தன. 1998-இல் அமெரிக்க வேளாண் துறையின் மிசிசிப்பி ஆய்வு மையம் 'பிலாக்ஸி'யை வெளியிட்டது. இவற்றுக்கு 150 முதல் 300 குளிர்மணிகள் போதும் என்று கையேடுகள் கூறுகின்றன. 'முயற்கண்' எனப்படும் மற்றொரு வகை வெயிலையும் மண்ணின் குறைகளையும் ஓரளவு தாங்கும். ஆனால் அதற்கு 300-க்கும் மேற்பட்ட குளிர்மணி வேண்டும், துணை ரகம் இன்றிச் சரியாகக் காய்க்காது. நம் நாட்டில் இமயமலை அடிவாரத்தின் இடைமலைகளைத் தாண்டி அதற்கு இடமில்லை.

நாற்றங்கால் விளம்பரங்கள் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. குளிர்மணி எண் என்பது இலையுதிர்த்து உறங்கும் செடிக்கான கணக்கு. உறைபனியே இல்லாத நாடுகளில் செடியை உறங்கவே விடுவதில்லை; இலையைக் காத்து, உரமும் நீரும் இடைவிடாது தந்து, கவாத்தின் மூலம் பருவத்தைத் திருப்புகிறார்கள். பசுமைமாறா முறை எனப்படும் இதில் 150-ஆ, 250-ஆ என்ற வேறுபாடு பெரிதாகப் பொருட்படாது. வேறு மூன்று பண்புகளே முக்கியமாகின்றன. இலை, துருநோய்க்கு ஆளாகாமல் ஆண்டு முழுவதும் செடியில் நிற்குமா? வெப்பமான இரவுகளிலும் பூமொட்டு உருவாகுமா? வெயிலில் பழுத்த பழம் பறித்த பின்னும் உறுதியாக இருக்குமா?

இரண்டாவது கேள்விதான் இந்தியாவுக்கு மிகக் கடினமானது. தென்புல வகைகள் பகல் குறுகும் காலத்தில், மிதமான வெப்பத்தில் பூமொட்டு வைக்கின்றன. வெப்பம் 28 டிகிரி அளவிலேயே நீடித்தால் மொட்டு குறைவதை ஃபுளோரிடா ஆய்வுகள் காட்டியுள்ளன. தக்காணத்திலும் தென்னிந்தியாவிலும் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் இடையேயான வேறுபாடு ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே. ஆகவே செடிக்குக் கிடைக்கும் பருவ அறிகுறி மங்கலானது. இரவும் குளிராவிட்டால் அது சிறிது பூக்கும், சிறிது துளிர்க்கும், ஆண்டு முழுவதும் கையளவு காய்க்கும். வீட்டு மாடியில் வளர்ப்பவருக்கு அது மகிழ்ச்சி தரலாம். ஆள்கூலி கொடுத்துப் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் விவசாயிக்கு அது இழப்பு.

பெருவின் வெற்றியும் 2023-இன் எச்சரிக்கையும்

வெப்ப நாட்டில் ப்ளூபெர்ரி முடியும் என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று பெரு. 2010 வாக்கில் ஏற்றுமதிக் கணக்கில் பெயர் சொல்லும்படி இல்லாத அந்நாடு, பத்தாண்டுக்குள் சிலியை முந்தியது. அந்த எழுச்சியின் தொடக்கம் பிலாக்ஸி ரகத்தின் தோளில் நிகழ்ந்தது. காப்புரிமைக் கட்டணம் இல்லாத பொது ரகம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆயினும் பெருவின் கடலோரம் பலர் எண்ணும் வெப்பமண்டலம் அன்று. ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் அதைக் குளிர்விக்கிறது. மழை அநேகமாக இல்லை. அண்டீஸ் ஆற்று நீர் கால்வாய் வழியே மணலுக்கு வருகிறது. 2023-இல் எல் நினோவால் கடல் சூடேறி அந்தக் குளிர்ச்சி விலகியபோது, பூப்பு தள்ளிப்போய் ஏற்றுமதி அளவு ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. பிலாக்ஸியும் 'வென்ச்சுரா'வும் நிறைந்திருந்த தோட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. உலகச் சந்தையில் விலை உயர்ந்தது. அதன்பின் அந்நாட்டுப் பெருநிறுவனங்கள் பழைய ரகங்களைப் பிடுங்கி, 'செகோயா பாப்' போன்ற உரிம ரகங்களுக்கு மாறும் வேகத்தைக் கூட்டின. குறைந்த குளிர்மணி ரகம் என்ற தகுதி, சில டிகிரி வெப்ப உயர்வுக்கு முன்னால் நிற்கவில்லை. நம் நாட்டில் அந்தச் சில டிகிரி என்பது சாதாரண மார்ச் மாதம்.

இந்தியாவுக்கு நெருங்கிய பாடம் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இருக்கிறது என்பதே நம் கணிப்பு. அங்கும் கோடையில் பருவமழை, குளிர்காலத்தில் வறட்சி. கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலங்களில், நெகிழிக் கூரையின் கீழ், தொட்டிகளில் செடி வளர்த்து, குளிர்காலம் தொடங்கி வசந்தம் வரை பறிக்கிறார்கள். மழை வருவதற்குள் பழம் சந்தையைச் சேர்ந்துவிடுகிறது. சீனா இன்று உலகின் மிகப்பெரிய உற்பத்தி நாடாக உயர்ந்ததில் யுன்னானுக்குப் பெரும் பங்குண்டு.

நாட்காட்டிக்கு ஏற்ற ரகம்

இந்தக் கண்ணாடியில் பார்த்தால் நம் தேர்வு தெளிவாகிறது. பெருவின் வரத்து ஆகஸ்டில் பெருகி, பிப்ரவரிக்குப் பின் வற்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் தொடக்கத்தில் மழை இறங்குகிறது. ஏப்ரல், மே வெயில் பழத்தை மென்மையாக்கிவிடும். மிஞ்சுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையான குறுகிய சாளரம். அதற்குள் பழுக்கும் முன்பருவ ரகமே வணிகத்துக்கு உதவும். எத்தனை பெரிய பழம் தந்தாலும் மே மாதக் கடைசியில் பழுக்கும் ரகம் இங்குப் பயன்படாது. பழுத்த பழத்தின் மேல் மழை விழுந்தால் தோல் வெடிக்கும், பூசணம் பிடிக்கும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை காணும் மகாபலேஷ்வரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

பழைய பொது ரகங்களில் பிலாக்ஸி எளிதில் வளரும், ஆனால் பழம் நடுத்தர அளவே. பெரிய பழத்துக்கே கூடுதல் விலை தரும் இன்றைய சந்தையில் அது பின்தங்குகிறது. மிஸ்டி அளவுக்கு மீறிப் பூத்துத் தன் வலுவை இழக்கும். கவாத்தில் கை தேர்ந்தவருக்கே ஏற்றது. எமரால்டு பெரிய பழமும் நல்ல வளர்ச்சியும் கொண்டது. ஜூவலுக்குப் பக்கத்தில் வேறு ரகம் வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பசுமைமாறா முறைக்கெனவே பரிந்துரைக்கும் 'ஆர்கேடியா', 'அவான்டி' ஆகியவை நம் மேட்டுநிலங்களில் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை. எதுவாயினும் ஒரே ரகத்தை நடாமல் ஒரே காலத்தில் பூக்கும் இரண்டைக் கலப்பது நல்லது. ப்ளூபெர்ரிப் பூவின் மகரந்தம் அதிர்வில்தான் நன்கு உதிரும். அதற்கு ஏற்ற பம்பிள் தேனீக்கள் இமயமலையில் உண்டு, தீபகற்பத்தில் இல்லை. இங்குள்ள தேனீப் பெட்டிகளை நம்பியிருக்கும் தோட்டத்துக்கு அயல் மகரந்தம் பழ அளவைக் கூட்டும்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக: கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். நீலகிரியின் தேயிலை மண்ணும் மேகாலயாவின் மலைமண்ணும் இதற்கு ஒத்தவை. நீலகிரிச் சோலைகளில் ப்ளூபெர்ரியின் காட்டு உறவினமான ஒரு வாக்சினியம் இயல்பாகவே வளர்கிறது. தக்காணத்தின் கரிசல் மண் அறவே ஒவ்வாது. அங்குத் தொட்டியே வழி. அத்தொட்டிகளை நிரப்பும் தென்னை நார்க்கழிவைப் பொள்ளாச்சி வட்டாரம் உலகெங்கும் அனுப்புகிறது என்பது நமக்கொரு சாதகம், உப்பு நீங்கக் கழுவியதாக அது இருக்கும் வரை. பாசன நீரின் உப்பையும் சுண்ணாம்பையும் எந்த ரகமும் பொறுக்காது; நீர்ப் பரிசோதனைக்கு முன் கன்றுக்கு முன்பணம் கட்டுவது வீண்.

உரிமம் யாரிடம்?

வெப்பம் தாங்கும் புதிய ரகங்களில் பெரும்பாலானவை தனியார் கையில் உள்ளன. கன்றை விலைக்கு வாங்க முடியாது. உரிமம் பெற வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும், பல நேரங்களில் பழத்தையும் அதே நிறுவனத்தின் வழியாகவே விற்க வேண்டும். சந்தை உறுதி என்பது இதில் கிடைக்கும் நன்மை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் விவசாயிக்கு அந்தக் கதவு திறப்பது அரிது என்பது மறுபக்கம்.

சட்டம் இங்குக் கவனிக்கத் தக்கது. அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவில் செல்லாது. இங்குப் பொருந்துவது 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம். அதன்படி, வெளிநாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்த ரகத்தை, மரம் அல்லது கொடியாயின் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வந்ததை, புதிய ரகம் என்ற தகுதியில் பதிவு செய்ய இயலாது. எமரால்டு, ஜூவல் போன்றவற்றின் அமெரிக்கக் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. இவற்றை நடுவதற்குப் பெருநிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

தட்டுப்பாடு வேறிடத்தில் இருக்கிறது: பெயருக்கு ஏற்ற, நோயற்ற கன்று. இலையைப் பார்த்து ரகத்தைச் சொல்ல இயலாத பயிரில், பிலாக்ஸி என்று எழுதிய அட்டை மட்டுமே சான்றாக நிற்கிறது. பிழை தெரியும்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். தாய்ச்செடி எந்த இறக்குமதி அனுமதியில் வந்தது, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக் காப்பு ஆணைப்படி கண்காணிப்பில் இருந்ததா, கன்றைப் பெருக்கியது மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் திசு வளர்ப்புச் சான்றளிப்புத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்ற மூன்று ஆவணங்களை விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை. தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதிலும் தவறில்லை.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,765.67 கோடி ரூபாயில் தூய தாவரத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. திராட்சை, ஆப்பிள், எலுமிச்சை இனங்கள், மா, மாதுளை உள்ளிட்ட பழங்களுக்காக நாடெங்கும் ஒன்பது மையங்கள் அதில் திட்டமிடப்பட்டுள்ளன. ப்ளூபெர்ரிக்கென ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. பரப்பளவு சிறிது என்பதால் அதில் வியப்பில்லை. எனினும் காப்புரிமை முடிந்த நான்கைந்து ரகங்களின் தூய தாய்ச்செடிகளை அவற்றுள் ஒரு மையத்தில் பராமரித்து, மகாபலேஷ்வர், நீலகிரி, ஷில்லாங், பாலம்பூர் ஆகிய நான்கு இடங்களில் மூன்று பருவங்கள் வளர்த்து, பூத்த நாளையும் பறித்த நாளையும் பழத்தின் எடையையும் எல்லோரும் காணும்படி வெளியிடுவதற்குப் பெருந்தொகை எதுவும் தேவைப்படாது. அத்தகைய ஒப்பீடு வரும் வரை, முதல் ஆண்டில் ரகத்துக்கு 50 தொட்டி வீதம் நட்டுத் தன் நிலத்திலேயே கணக்கெழுதிப் பார்ப்பது விவசாயியின் வேலையாகவே இருக்கும்.