முதலில் நகல், பிறகு வைத்தியம்

நம் விடுதியில் ஒருவனுடைய மடிக்கணினி படுத்துவிட்டால் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. காய்ச்சல்காரனுக்குக் கஷாயம் சொல்ல ஆளுக்கு ஆள் வருவதுபோல, அறை வாசலில் நின்றபடியே மருந்து சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! “பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடி” என்பார் ஒருவர். “விண்டோஸை மறுபடி போடு” என்பார் இன்னொருவர். “டிஸ்க்கைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வை” என்று சொன்னவர் வேதியியல் முதுகலை மாணவர். அவர் பெயரை இங்கே எழுதாமல் விடுவதே நட்புக்கு அழகு. குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் படியும் என்பதை அவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த மருந்துகளுக்கெல்லாம் நோக்கம் ஒன்றுதான்: எப்படியாவது இயந்திரத்தைக் கிளப்பிவிடவேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பே பெரும் பிழை என்று சொல்லத்தான் இதை எழுதப் புகுந்தேன்.

என் மடிக்கணினியின் குலம் கோத்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014-ல் என் அக்கா எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் எங்கள் தெருவுக்கு முதன்முதல் கணினி வந்தது. அக்கா அதை வைத்துப் பி.காம். முடித்தாள். பிறகு அது என் கைக்கு வந்தது. நான் அதை வைத்துப் பி.எஸ்ஸி. முடித்து, அதையே தோள்பையில் போட்டுக்கொண்டு தில்லிக்கு ரயில் ஏறினேன். இங்கே வந்தபின் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. மூடியில் அரசு முத்திரை, ஓரத்தில் விரிசல், கனமோ ஒரு செங்கல் கனம். இருந்தாலும் பதினொரு வருஷம் உழைத்த மாடு அது.

2025 நவம்பரில் ஓர் இரவு அது எழவில்லை. கறுத்த திரையில் வெள்ளை எழுத்தில், துவக்குவதற்கு எந்தச் சாதனமும் இல்லை என்று ஒரு வரி. உள்ளிருந்து ‘டக்... டக்...’ என்று ஒரு சத்தம். சிறிது மௌனம். மறுபடி ‘டக்... டக்...’

உள்ளே இருந்தவை இரண்டு. ஒன்று, என் ஆய்வேட்டுக்கான அளவீடுகள். ஒரு மென்படலத்தின் மின்தடையை அறை வெப்பத்திலிருந்து திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் வரை இறக்கி இறக்கி அளந்தவை. நைட்ரஜன் வரும் நாளுக்கும், கருவியில் என் முறைக்கும் காத்துக் காத்து மூன்று மாதம் எடுத்தவை. மற்றொன்று, ‘ஆச்சி’ என்று பெயரிட்ட ஓர் அடைவு. எங்கள் ஆச்சி பேசியதை அக்கா கைபேசியில் பதிவு செய்து அதில் போட்டு வைத்திருந்தாள். மொத்தம் 41 பதிவுகள். ஆச்சி 2021-ல் காலமானாள். கைபேசி அதற்கு முன்பே உடைந்துவிட்டது.

அன்றிரவு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினேன்; எழவில்லை; அணைத்தேன்; மறுபடி அழுத்தினேன். முப்பது தடவைக்குக் குறையாது. நடுவில் ஒரு முறை பாதி உயிர் வந்து விண்டோஸின் சின்னம் தெரிந்தது. மகிழ்ந்துபோய், அறைத்தோழர் சொன்னபடி டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளையை ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் ஆறு சதவிகிதத்தில் நின்றுகிடந்தது. சத்தம் மட்டும் முன்னிலும் பலமாயிருந்தது.

பிறகு நேரு பிளேஸுக்கு ஓடினேன். அங்கே ஒரு கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறேன், எழுநூறு ரூபாய். உள்ளே இருப்பது போய்விடும், பரவாயில்லையா?” என்றார். நல்ல மனிதர், மறைக்காமல் கேட்டார். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். நான் பெரிய முன்னுரை பாடி முடிப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்: “எலே தம்பி, மெஷின் போனாப் போகுது. ஆச்சி பேசுனது இருக்கா?”

பி.காம். படித்தவளுக்குத் தெரிந்த கேள்வி, பௌதிகம் படிக்கிற எனக்குத் தோன்றவில்லை!

நண்பர்களே, பழைய மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உள்ளே பளபளக்கும் வட்டத் தகடு நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறது. அதன்மேல் படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் பருமனோ பல பதினாயிரம் நானோமீட்டர். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் டிஸ்க் கருவியில் 24 அங்குல அகலத் தகடுகள் ஐம்பது இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்ட எழுத்துகள் ஐம்பது லட்சந்தான். இன்று அதைப்போல் பல்லாயிரம் மடங்கு நம் மடியில் இருக்கிறது என்றால், அந்த இடைவெளி அவ்வளவுக்குச் சுருங்கியதும் ஒரு காரணம். அப்படிப்பட்ட இடத்தில் தகடு கீறலுற்றாலோ முனை தளர்ந்தாலோ என்னாகும்? முனை தன் இடத்தைத் தேடும், அடையாளம் கிடைக்காமல் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும், மறுபடி தேடும். அந்தத் தேடலின் சத்தமே ‘டக்... டக்...’ நாம் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும், புண்ணின்மேல் ஊசியை இழுக்கிறோம். போதாததற்கு, விண்டோஸ் எழும்போதே டிஸ்க்கில் பலவற்றை எழுதவும் செய்கிறது. ‘சரிபார்த்துத் திருத்தும்’ கட்டளையோ, படிக்க முடியாத இடங்களைத் திரும்பத் திரும்பச் சுரண்டி, கோப்புகளின் அட்டவணையையே மாற்றி எழுதிவிடும். நலமான டிஸ்க்கில் குழப்பம் நேர்ந்தால் அது மருந்து. சாகும் டிஸ்க்குக்கோ அது விஷம்.

ஆகவே சாகும் டிஸ்க்குக்கு இன்னும் இத்தனை மணி நேரம் ஓட்டம் என்று ஒரு கையிருப்பு உண்டு. அதை எதற்குச் செலவிடுவது? இயந்திரத்தைக் கிளப்பிப் பார்க்கவா, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கவா? இரண்டுக்கும் சேர்த்துப் போதாது. நான் முப்பது தடவை முதற்காரியத்துக்கு வாரி இறைத்தேன்.

அக்காவின் கேள்விக்குப் பிறகுதான் சோதனைச்சாலை மாணவனாக நடந்துகொண்டேன். மின்சாரத்தை நீக்கி, பாட்டரியைக் கழற்றி, அடிமூடியின் திருகாணிகளை எடுத்து டிஸ்க்கை உருவி மறுபடி செருகினேன். இணைப்புத் தளர்ந்திருந்தாலும் இதே கறுப்புத் திரைதான் வரும். முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. என் விஷயத்தில் பயனில்லை. பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, நண்பர் ஒருவரின் கணினியில் உபுண்டு ஏற்றிய யூ.எஸ்.பி. குச்சியைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டே நிமிஷத்தில் எழுந்தது! திரை, நினைவகம், விசைப்பலகை, வைஃபை எல்லாம் சுகம். ஆக, நோய் டிஸ்க்குக்கு மட்டுமே. இதைச் செய்யாமல் ‘மடிக்கணினி போய்விட்டது’ என்று காயலான் கடைக்குப் போடுகிறவர்கள் நம்மில் உண்டு. வீட்டு விளக்கு ஃபியூஸ் போனதற்கு வீட்டையே இடிப்பார்களா?

அடுத்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏட்டைப் பார்த்தேன். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதில் 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளைச் சொல்லும். 197-ஆம் எண் வரி, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகளைச் சொல்லும். நலமான டிஸ்க்கில் இரண்டும் சுழியாக இருக்கவேண்டும். என்னுடையதில் 197-க்கு நேரே 1,312.

பிறகுதான் நகல். என் டிஸ்க் 500 ஜி.பி.; அதைவிடப் பெரியதாக 1 டி.பி. வெளி டிஸ்க் ஒன்றை மாடியறை நண்பரிடம் கடன் வாங்கினேன். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலை ஓடவிட்டேன். அதன் புத்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை. நம்மைப்போல் அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. சுகமாகப் படிக்கக்கூடியதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். தடங்கல் வந்தால் தாண்டிப் போகும். எங்கெங்கே தாண்டினோம் என்று ஒரு வரைபடம் எழுதிக்கொண்டு, கடைசியில்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும். நடுவில் நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நலமான டிஸ்க் இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் பிடித்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூலத்தை அதன்பின் தொடவே இல்லை, தேடியதெல்லாம் நகலில்தான்.

ஒன்று ஒப்புக்கொள்ளவேண்டும். ‘டக்’ சத்தம் கேட்ட டிஸ்க்கை நானே ஓட்டியது தவறு என்று கண்டிக்கும் நிபுணர்கள் உண்டு; அவர்கள் சொல்வது நியாயமே. தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து மீட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கான செலவு மாணவன் கைக்கு எட்டாது என்பதால்தான் துணிந்தேன். டிஸ்க்கைக் கணினி அடையாளமே காணவில்லை என்றால் அந்தத் துணிவும் கூடாது. வீட்டில் திறந்து பார்ப்பது எந்த நிலையிலும் கூடாது.

அளவீடுகள் அனைத்தும் கிடைத்தன. அவை மொத்தம் 40 எம்.பி.கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி.யில் ஒரு மூலைக்குக் காணாது! மூன்று மாத உழைப்பை ஒரே இடத்தில் வைத்திருந்ததற்கு வறுமையைக் காரணம் சொல்ல எனக்கு வாயில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை.

ஆச்சியின் 41 பதிவுகளில் 38 முழுதாக வந்தன. இரண்டு வரவே இல்லை. ஒன்று பாதி வந்தது. உடன்குடிப் பக்கத்தில் தன் சிறுவயதில் கருப்பட்டி காய்ச்சியதை ஆச்சி சொல்லும் பதிவு அது. பதநீரை வடிகட்டிக் கொப்பரையில் ஊற்றுகிறாள். அடுப்புக்குப் பனைமட்டை வைக்கிறாள். கூப்பனிப் பதம் வருமுன் எதைப் பார்க்கவேண்டும் என்று தொடங்குகிறாள். அதற்குமேல் வெறும் இரைச்சல். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலை தெரிந்தவர் எவருமில்லை. அந்தப் பாதி என் முப்பது தடவைகளில் போயிற்றா, அதற்கு முன்பே போயிருந்ததா என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறேன்.

தமிழ் படித்த நமக்கு இது புதிய பாடமா? பனையோலை நம் நாட்டு ஈரத்திலும் செல்லரிப்பிலும் சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது. சங்க நூல்கள் பிழைத்தது ஓலையின் உறுதியாலன்று. பழைய ஓலை உதிருமுன் எவரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் எழுதியதால். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடியலைந்து, பல பிரதிகளை ஒப்புநோக்கி, 1894-ல் புறநானூற்றை அச்சிட்டார். அத்தனை உழைப்புக்குப் பிறகும் 267, 268-ஆம் பாட்டுகள் இல்லை. நகல் எடுப்பார் இல்லாமற்போன இடம் அது. அந்த எண்களை வகுப்பில் எத்தனையோ முறை கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

இயந்திரத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1,800 ரூபாய்க்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் பழைய டிஸ்க் இருந்த இடத்தில் வைத்தேன். அளவும் இணைப்பும் அதேதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்தக் கிழத்தை ஏற்காது. ஆகவே லினக்ஸ் மின்ட் போட்டேன். இந்தக் கட்டுரையை அதில்தான் தட்டுகிறேன். முன்னைவிட வேகம். ஆனால் எஸ்.எஸ்.டி. வாங்கியவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடவேண்டாம். அது சாகும்போது ‘டக்’ என்று சொல்லிக்கொண்டுகூடச் சாகாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் கரும்புக்கும் நாம் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்: 2 டி.பி. வெளி டிஸ்க் ஒன்று, டிஸ்க்கை யூ.எஸ்.பி.யில் இணைக்கும் கேபிள் ஒன்று, உபுண்டு ஏற்றிய குச்சி ஒன்று. சங்க அலமாரியில் இருக்கட்டும். வேண்டியவர்கள் கையொப்பமிட்டு எடுத்துப்போகட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை எல்லாரும் மடிக்கணினியைக் கொண்டுவந்து, ஆய்வேட்டையும் ஊரிலிருந்து வந்த படங்களையும் குரல்களையும் நகலெடுக்கலாம். இதற்கு ஒரு சங்கமா என்று சிலர் நகைப்பார்கள். நகைப்பவர்களின் மடிக்கணினிக்கு வயது என்ன என்று கேட்டுவையுங்கள்.

செயற்குழு அடுத்த முறை கூடும்போது இதை எடுத்துக்கொள்ளச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை என் கேபிளும் குச்சியும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. ‘டக்’ சத்தம் கேட்டவர்கள் எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம். வருமுன் பொத்தானை மட்டும் இன்னொரு தடவை அழுத்திவிடாதீர்கள்.